நடுவழியில் நிற்கிற வழக்கம்

என் அத்தானுக்கு ஊரில் அவசரம் என்று பேர். அவர் ஓட்டுவது சவ வண்டி. இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வார்கள்.

பேர் பொருத்தமான பேர்தான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் பல வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டினார். முதுகெலும்பு தேய்ந்து, இனி ஸ்ட்ரெச்சரைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே சேர்ந்தார். இங்கே பெட்டி தூக்க நான்கு பேர் தனியாக உண்டு. ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியதில்லை. முதுகு குணமாகிவிட்டது. கால்தான் குணமாகவில்லை. ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலை எடுப்பதற்கு அவர் உடம்பில் எங்கேயும் ஏற்பாடு இல்லை. ஆம்புலன்ஸில் போகும்போது போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடுமோ என்ற பயம் இருந்ததாம். இதில் அந்தப் பயமும் இல்லாததால் நிம்மதியாக மிதிக்கலாம் என்பது அவர் கட்சி.

அவருடைய மனைவி என் அக்கா. அதே கம்பெனியில் போன் எடுக்கிற வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அத்தான்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்துக்கொண்டுதான் அவரைப் பற்றிக் குறை சொல்லப் போகிறேன்.

கம்பெனி என்றால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. முன்பாதியில் என் மேஜை, போன், வருகிறவர்கள் உட்காரச் சத்தம் போடாத நாற்காலிகள். பின்பாதியில் வண்டி கழுவுகிற இடம். எப்போதும் ஈரமாக இருக்கும். வண்டி கறுப்பு, நீளம். பின்னால் பெட்டி வழுக்கிக்கொண்டு போக இரும்பு உருளைகள். அது ஓடும்போது நகராமலிருக்க நான்கு முளைகள். முன்னால் மூன்று பேர் உட்காருகிற அகலத்தில் ஒரே இருக்கை. பின்னுக்கும் முன்னுக்கும் நடுவே ஒரு கண்ணாடி, அதற்கு ஒரு திரை. தூரப் பயணமென்றால் நானும் முன்னால் ஏறிக்கொள்வேன். கூட வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அத்தானுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஊருக்குள் இருந்த மயானங்களில் இடம் தீர்ந்துபோய்ப் புதிய மயானத்தை விரைவுச்சாலையைத் தாண்டி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியையும் அந்தப் பக்கமே கட்டினார்கள். சாவதற்கும் சாகாமலிருப்பதற்கும் ஒரே சாலையில்தான் போக வேண்டும். மயானத்தில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். தவறவிட்டால் அன்றைக்குக் கடைசி ஆளுக்கும் பின்னால் போய் நிற்க வேண்டும். வீட்டிலோ சொன்ன நேரத்துக்கு எதுவும் கிளம்பாது. வெளியூரிலிருந்து ஒரு மருமகன் வந்துகொண்டே இருப்பார். அப்படி வீட்டில் போன நேரத்தை ரோட்டில் பிடிப்பதுதான் அத்தானுடைய தொழில் திறமை. முதலாளிக்கு அதில் பெருமை உண்டு.

அந்தச் சாலையில்தான் சராசரி கேமரா வந்தது.

பழைய கேமரா ஒரு கம்பம், ஒரு பெட்டி. அதன் கீழே வரும்போது பிரேக்கை ஒரு மிதி, தாண்டியதும் பழையபடி. ஓட்டுகிறவர்கள் அதற்கு ஏதோ பெரிய மனிதருக்கு வணக்கம் வைப்பது போல வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். புதியது அப்படியில்லை. சாலையில் நுழைகிற இடத்தில் ஒன்று, முடிகிற இடத்தில் ஒன்று. முதலாவது உங்கள் நம்பரைப் படம் எடுத்து நேரம் குறிக்கும். இரண்டாவதும் அதையே செய்யும். நடுவில் உள்ள தூரத்தை ஆன நேரத்தால் வகுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எங்கே மிதித்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்பதெல்லாம் அதற்கு அக்கறையில்லை.

பெட்ரோல் பங்கில் இதைப் பற்றி ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. ஸ்பீடாமீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் ரோட்டை யார் பார்ப்பது என்று வாடகைக் கார்க்காரர் கேட்டார். எல்லாரும் ஒரே வேகத்தில் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு மந்தை மாதிரிப் போகிறோம், ஒருத்தன் தும்மினால் பத்துப் பேர் மோதுவான் என்று இன்னொருவர் சொன்னார். அதில் நியாயம் உண்டு. லாரிக்காரர்கள் இருவர் ஒரே வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் போய், பின்னால் வந்தவர்கள் அத்தனை பேருடைய சாபத்தையும் வாங்கியிருந்தார்கள். லேன் மாறி மாறிப் போனால் கேமராவுக்குக் கணக்குத் தவறும் என்று ஒருவர் நம்பினார். நம்பர் பலகையில் சேறு பூசியவரும் உண்டு, அதற்கு வேறு தண்டம் விழுந்தது. என் வீட்டிலேயே இரண்டு கடிகாரம் ஒத்துப்போவதில்லை, இத்தனை மைல் தள்ளி இருக்கிற இரண்டு கம்பம் எப்படி ஒத்துப்போகும் என்று ஒரு பெரியவர் கேட்டார். மெதுவாகப் போனால் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அத்தான் தன் பாணியில் புரிந்துகொண்டார். இரண்டு கம்பத்துக்கும் கீழே நடைவேகத்தில் ஊர்ந்தார், நடுவில் பறந்தார். முதல் நோட்டீஸ் வந்தது. நான் உட்கார வைத்துச் சராசரி என்றால் என்ன என்று விளக்கினேன். எல்லாம் புரிந்துவிட்டது என்றார். புரிந்த பிறகு, போகும்போது வேகமாகவும் திரும்பும்போது காலி வண்டியை மாட்டு வண்டி மாதிரியும் ஓட்டினார். போறதையும் வர்றதையும் சேர்த்துப் பார்த்தா சரியாத்தானே வரும், சராசரின்னா அதுதானே என்றார். இரண்டாவது நோட்டீஸ் வந்தது.

மூன்றாவது வந்தால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் பறிபோகும். லைசென்ஸ் இல்லாத டிரைவரை வைத்துக்கொண்டு நான் என்ன அழகா பார்ப்பது என்று முதலாளி அப்போதே சொல்லிவிட்டார். பெட்டி தூக்க முதுகு விடாது. போனில் பேச வாய் விடாது. அத்தானுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். ஆனால் எல்லாரையும்விட அதிகம் பயந்தது என் அக்கா.

"இவர் ஆறு மாசம் வீட்டுல உக்காந்தா அடுத்த வண்டி எனக்குத்தான்டா. சொல்லி வை."

அவள் எப்போதுமே அப்படித்தான். செத்தவங்களுக்கு என்ன அவசரம் என்று கல்யாணமான நாளிலிருந்து, அதாவது அவர் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தைக் கழித்துவிட்டு, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அத்தான் இதுவரை பதில் சொன்னதில்லை. சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அதன் பிறகு அத்தான் திருந்தினார். ஒரு வாரம் நன்றாகவே திருந்தினார். எட்டாம் நாள் ஒரு தையல்கார அம்மாவைக் கொண்டுபோனோம். பின்னால் ஆறு கார். வீட்டிலிருந்து கிளம்பவே தாமதம். முதல் கம்பத்தைத் தாண்டியதும் பழைய கால் தன் வேலையைக் காட்டிவிட்டது. பாதி தூரம் வந்த பிறகுதான் அத்தானுக்கு உறைத்தது. ஆறு காரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர முடியாது, எங்கேயாவது நின்றால்தான் கணக்கு சரிக்கட்டும் என்று அவருக்கே தெரிந்தது, அந்த மட்டும் என் பாடம் வீண்போகவில்லை. அப்போது வலது கைப் பக்கம் மூன்றாவது லேனில் இருந்தவர், எதிரே வந்த பலகையைப் பார்த்ததும் இண்டிகேட்டரைப் போட்டு ஓரத்துக்கு வந்துவிட்டார்.

அது களைத்த வண்டிகள் ஒதுங்குகிற இடம். ஒரு சிமென்ட் பெஞ்சு, ஒரு குப்பைத் தொட்டி, வளர்வதா வேண்டாமா என்று முடிவுசெய்யாத ஒரு மரம். அத்தான் அங்கே போய் நிறுத்தினார். பின்னால் வந்த ஆறு காரும் வந்து வரிசையாக நின்றன. அந்த அம்மாவின் மூத்த மகன் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். ஏன் நிறுத்தினீர்கள், வண்டியில் கோளாறா என்றார்.

உண்மையைச் சொல்ல முடியாது. உங்கள் அம்மாவைச் சட்டவிரோதமான வேகத்தில் கொண்டுவந்துவிட்டேன், இப்போது நேரத்தைக் கொல்கிறேன் என்று யார் சொல்வார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் திறந்துவிட்டார்.

"இந்த இடத்துல கொஞ்சம் நின்னு போறது வழக்கங்க. அவங்க கடைசியா போற பெரிய ரோடு இது. பாதி வழியில ஒரு தடவ நின்னு, எல்லாரும் பக்கத்துல வந்துட்டு, அப்பறம் போகணும்."

அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. மகன் திரும்பிப் போய் ஒவ்வொரு காராகக் குனிந்து சொன்னார். எல்லாரும் இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசி மகள் வண்டியின் கறுப்புத் தகரத்தின் மேல் கையை வைத்தாள். எங்கே போனாலும் அம்மா பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்வாள், உட்கார்ந்தே போனால் கால் மரத்துப்போகும் என்பாள் என்றாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அழவில்லை என்று ஒருவர் என்னிடம் மெல்லச் சொன்னார். அத்தான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் சரியானதும் தொண்டையைச் செருமினார். எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். நோட்டீஸ் வரவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பம் பெரிய குடும்பம். அடுத்த மாதம் அவர்கள் சம்பந்தி வீட்டில் ஒரு சாவு. போன் வந்தது. பெட்டி என்ன மரம், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றெல்லாம் கேட்ட பிறகு, நடுவில் நிற்கிற இடத்தில் நிற்பீர்கள் அல்லவா என்று கேட்டார்கள். நிற்போம் என்றேன். வேறென்ன சொல்வது? அதற்கடுத்து வந்த போனில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வியாக இருந்தது. நாலைந்து மாதத்தில் மற்ற கம்பெனி வண்டிகளும் அங்கே நிற்க ஆரம்பித்தன. நிற்காத கம்பெனிக்குப் பாசம் இல்லை என்று பேர் வந்துவிட்டது. ஒரு கம்பெனிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்தார். இன்னொருவர் கிளம்பும்போது ஒரு முறை ஹார்ன் அடித்தார். எது சரியான முறை என்று சனங்கள் அங்கேயே நின்று வாக்குவாதம் செய்தார்கள். பணி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், இது எங்கள் தாத்தா காலத்திலேயே உண்டு, நடுவில் விட்டுப்போயிருந்தது என்று என்னிடம் அடித்துச் சொன்னார். அந்தச் சாலை போட்டே பதினோரு வருடம்தான் ஆகிறது. மரத்தடியில் ஒரு காபி வண்டி வந்தது.

அத்தானுக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. நிற்கிற நேரம் கூடக் கூட, நிற்பதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு வேண்டுமானாலும் மிதிக்கலாம். சராசரி மட்டும் சாதுவாக வந்து நிற்கும். சிலர் அங்கே இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார்கள். நாலு வார்த்தை நாற்பது ஆகும்போது எல்லாரும் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள், அத்தான் முகம் மட்டும் மலரும். ஒருநாள் ஒரு துணிக்கடைக்காரரைப் பற்றி அவர் கூட்டாளி இரண்டு வரியில் முடித்துக்கொண்டபோது, வேற யாராவது பேசணுமாங்க என்று ஜன்னலிலிருந்து கேட்டார். அன்றைக்கு முதல் பாதியில் ரொம்பவே மிதித்திருந்தார்.

வீட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னது நான்தான். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. சாவு வீட்டுக்காரங்க கண்ணீர்ல வண்டி ஓட்டுறீங்களே, இது பெரிய மோசடி இல்லையா என்றாள். அத்தான், நான் யாரையும் அழச் சொல்லவில்லை, நின்றேன், அவ்வளவுதான் என்றார். என்னிக்காவது குட்டு உடையும் என்றாள் அக்கா. உடையவில்லை. நோட்டீஸும் வரவில்லை. சொல்லப்போனால் அந்தச் சாலையில் எங்கள் வண்டியைப் போல் ஒழுங்கான வண்டி வேறு கிடையாது. கேமராவைக் கேட்டால் அதுவே சொல்லும்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. ஒருநாள் மதியம் அக்கா வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவோடு கொட்டகைக்கு வந்தாள். அத்தான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். டப்பாவை என் மேஜைமேல் வைத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. முகமெல்லாம் வியர்வை. இடது கை விறுவிறுவென்று வருகிறது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாள். எதிர்க்கடை மருந்துக்காரர் ஓடிவந்து நாக்குக்கடியில் ஒரு மாத்திரை வைத்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், படுக்க வைத்தே கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஊருக்கு மறுபக்கம் ஒரு விபத்து, பக்கத்து வண்டியெல்லாம் அங்கே போயிருக்கிறது, அரை மணி ஆகும் என்றார்கள். முதலாளியின் கார் ஊரில் இல்லை. கொட்டகையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றது ஒரே ஒரு வண்டி.

அத்தான் குழாயைக் கீழே போட்டார். மருந்துக்காரர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். படுக்க வைக்க வசதி உள்ள இடம் அதுதான். அக்காவும் அதைப் பார்த்தாள்.

"நான் உக்காந்தே வரேன்" என்றாள்.

முன்னிருக்கையில் அவளை நடுவில் உட்கார வைத்து, சாய்ந்துகொள்ள என் தோளைக் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. அத்தானுடைய வேகத்தை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக மெச்சினேன். ஆனால் சவ வண்டிக்கு யாரும் வழி விடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லா விளக்கையும் போட்டு ஹார்னை அமுக்கினால், முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்து, மரியாதையாக இன்னும் மெதுவாகிறார். ஒருவர் ரேடியோவை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் அவர்களை எல்லாம் சுற்றிக்கொண்டு போனார். வாயில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதல் கம்பம் வந்தது. அத்தான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏங்க, மூணாவது ஆயிடும்" என்றாள்.

"நீ பேசாத" என்றார் அத்தான்.

பாதி வழியில் அந்தப் பலகை தெரிந்தது. வேறொரு கம்பெனியின் வண்டி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. சுற்றிலும் சனங்கள் தலை குனிந்து நின்றார்கள். மரத்தடியில் காபி வண்டி. அக்கா தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தாள். கியரின் மேலிருந்த அத்தான் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அது பெரிய மோசடி என்று சொன்னவள் அவள்தான். யாரோ ஒரு தையல்கார அம்மாவுக்காக வாயில் வந்த பொய் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அங்க மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள்.

"நிறுத்தல."

"நிறுத்திடாதீங்க."

அத்தான் வண்டியை அந்த ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தள்ளி, கடைசி லேனுக்குக் கொண்டுபோனார். அந்த இடம் எங்களைக் கைநீட்டி இழுத்துவிடும் போல மூன்று பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தாண்டிய பிறகும் அக்கா கையை விடவில்லை. அத்தான் ஒற்றைக் கையால் ஓட்டினார். இரண்டாவது கம்பத்தை எப்போது தாண்டினோம் என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் காவலாளி கையைக் காட்டித் தடுத்தார். இந்த வண்டிக்கு இந்தக் கேட் இல்லை, பின்பக்கம் சுற்றி வாங்க, பிணவறை அங்கேதான் இருக்கு என்றார். அக்காதான் என் தோளிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடி வழியாக அவருக்குக் கையை ஆட்டிக் காட்டினாள். அந்த மனிதர் கேட்டைத் திறந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

இரத்தக் குழாயில் அடைப்பு. கம்பி போல ஒன்றை உள்ளே வைத்துச் சரிசெய்தார்கள். மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவினார்களா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த வாரமே நோட்டீஸும் வந்தது. கூடப் படம். தெளிவான படம். ஸ்டியரிங்கில் ஒரு கையோடு அத்தான், நடுவில் அவர் கையைப் பிடித்தபடி அக்கா, ஓரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நான். அக்கா அதைப் படித்துப் பார்த்தாள். வேகம் எவ்வளவு என்று பார்த்தபோது மட்டும் ஒரு முறை அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துப் படத்தை மட்டும் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க சேர்ந்து எடுத்துக்கிட்ட படம் இது ஒண்ணுதான், அதுவும் கவர்மென்ட்காரன் எடுத்தது என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள். அந்த வண்டியில முன்னாடி உக்காந்து போன நோயாளி நான் ஒருத்திதான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சாலை அலுவலகத்துக்கு நானும் அத்தானும் போனோம். ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துக்காரர் எழுதிக் கொடுத்த சாட்சி, எல்லாம் கொண்டுபோனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜலதோஷம் பிடித்த ஓர் அதிகாரி அம்மா. சீட்டை எல்லாம் பொறுமையாகப் படித்தார். நல்லவர்தான். சலுகை ஆம்புலன்ஸுக்கு உண்டு, தீயணைப்பு வண்டிக்கு உண்டு, சவ வண்டிக்கு இல்லை என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வண்டி எது என்று பார்க்கிறீர்களே, உள்ளே யார் என்று பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன். வண்டி நம்பரைத்தான் தம்பி கேமரா பார்க்கும் என்றார் அவர். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஒரு வருஷத்துக்கு மேல இந்த வண்டி ஒரு தடவ கூட வரம்பைத் தாண்டல. இவ்வளவு ஒழுங்கா ஓட்டுற வண்டி எங்க பட்டியல்லயே கம்மி. அன்னிக்கு மட்டும் ஏங்க?"

அத்தான் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"அன்னிக்கு வண்டியில உயிரோட ஆள் இருந்தாங்க" என்றார்.

அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். தண்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். லைசென்ஸ் ஆறு மாதத்துக்குப் போனது.

முதலாளி சொன்னபடி செய்யக்கூடியவர்தான். ஆனால் அக்கா இன்னும் மெலிந்த முகத்தோடு கொட்டகைக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததில், அத்தானை என் நாற்காலியிலும், லைசென்ஸ் வைத்திருந்த என்னை வண்டியிலும் போட்டுக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அத்தான் போன் எடுத்த இரண்டு நாளில் மூன்று குடும்பம் வேறு கம்பெனிக்குப் போனது. அப்புறம் அவரைப் போனிலிருந்தும் எடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற வேலையைக் கொடுத்தார். ஆக, எங்கள் இருவருக்கும் இடம் மட்டும் மாறியது.

நான் ஓட்டிய முதல் பயணம் ஓர் அச்சகக்காரர். வரம்புக்குச் சற்றுக் கீழேயே ஓட்டினேன். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. பக்கத்தில் அத்தானுடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. மயானத்துக்கு நேரம் நெருக்கடிதான். எனக்கு நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, என் சராசரியில் ஒரு குற்றமும் இல்லை. பலகை தெரிந்தது. நேராகப் போவதாகத்தான் இருந்தேன்.

"நிறுத்து மச்சான்" என்றார் அத்தான்.

லேட்டாகிவிடும், இன்றைக்கு நின்றால் கடைசி ஆளாகத்தான் போக வேண்டியிருக்கும் என்றேன். ஆகட்டும் என்றார். நிறுத்தினேன். பின்னால் வந்த கார்களும் நின்றன. சனங்கள் இறங்கி வந்தார்கள். அச்சகக்காரரின் தம்பி ஏதோ பேச ஆரம்பித்தார். அத்தான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் நினைவில் முதல்முறையாக அந்த இடத்தில் கதவைத் திறந்து இறங்கி, அவர்களோடு போய் நின்றுகொண்டார். தம்பி சொன்னது நீளமான கதை. அத்தான் முழுவதும் கேட்டார்.

அவர் திரும்பி வந்து ஏறியபோது எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அந்த இடம் நாம் சொன்ன பொய் என்று நம் இரண்டு பேருக்காவது தெரியுமே அத்தான், நம்மை நாமே எதற்கு ஏமாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன்.

அவர் தன் இடது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"உங்கக்காவுக்கும் அது பொய்யின்னு தெரியும். இந்த இடத்தைத் தாண்டுற வரைக்கும் அவ என் கைய எப்படிப் பிடிச்சிருந்தான்னு நீ பாத்தல்ல? பொய்யான இடத்துக்கு யாராவது அப்படி பயப்படுவாங்களா, மச்சான்?"

அன்றைக்கு நானும்தான் பயந்தேன். கண்ணாடியில் பார்த்தேன், கடைசிக் காரின் கதவும் மூடியிருந்தது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, ரோடு காலியாகும் வரை காத்திருந்தோம்.